முடிவெடுக்க முடியவில்லை; மூளை சுருங்குகிறதா?

கடை நடத்தும் நீங்கள், கடன் நெருக்கடியில் எந்த முடிவும் எடுக்க முடியாமல் தவிப்பதாகக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 74 வயதில் வந்த மறதி நோய் உங்களுக்கு 43-லேயே வந்துவிட்டதோ என்று பயப்படுகிறீர்கள். யாருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு பாக்கி என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்களே, மறதி நோய் இருந்தால் இப்படிக் கணக்கு எழுதுவது கடினம். ஸ்கேனுக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிதான் நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் இடம். மன அழுத்தத்தில் நார்அட்ரினலின் என்ற ரசாயனம் மூளையில் அளவுக்கு மீறிச் சுரந்தால் அங்குள்ள நரம்பு இணைப்புகள் தளர்ந்துபோகும். பயமும் பழக்கமும் முந்திக்கொள்ளும். தினமும் போடுகிற பில்லைத் தடையில்லாமல் போடும் நீங்கள், புதுச் சரக்கு எடுப்பதா வேண்டாமா என்றதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பது இதனால்தான். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மூளையைக் கரைத்துவிடும் என்று மிரட்டும் வீடியோக்களைத் தயவுசெய்து பார்க்காதீர்கள். தேர்வு நெருக்கடியில் இருந்த மருத்துவ மாணவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2009-ல் வெளியானது. அவர்களுக்குக் குறைந்திருந்த கவனத் திறன், நெருக்கடி தீர்ந்த ஒரு மாதத்தில் பழையபடி திரும்பிவிட்டது.

ஆனால் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிடும் பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். தவிப்பு தீர்ந்தால் போதும் என்றுதான் இந்த நிலையில் மனம் அவசரப்படும்.

நண்பர் சொன்னார் என்று மருந்துக் கடையில் வாங்கி இரண்டு மாதமாகப் போடுகிறீர்களே, அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. மந்தத்தையும் மறதியையும் அதுவே கொண்டுவரும். அதற்காக இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

என்னைக் கலங்கவைத்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: “நான் இல்லாவிட்டால் இவர்களாவது நிம்மதியாக இருப்பார்கள்.” விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறீர்கள், மகளின் பேச்சில்கூட மனம் ஒட்டவில்லை என்கிறீர்கள். இவற்றோடு சேர்த்துப் பார்த்தால் இது மனச்சோர்வு நோய் போலத்தான் தெரிகிறது. குடும்பத்துக்கு நீங்கள் பாரம் என்று சொல்வது அந்த நோய். நல்ல சிகிச்சை இருக்கிறது, நம்புங்கள். இந்த எண்ணத்தை இன்றைக்கே மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளை காலையே அவரோடு மனநல மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அதற்குள் அந்த எண்ணம் தலைதூக்கினால் தனியாக இருக்காதீர்கள். எந்நேரமும் 14416-ஐ அழைக்கலாம். அது டெலி மனாஸ் என்ற அரசின் இலவச மனநலத் தொலைபேசி சேவை, தமிழிலேயே பேசலாம். மீதி மாத்திரைகள் இன்றிரவு முதல் மனைவியின் கையில் இருக்கட்டும். மருத்துவரிடம் போகும்போது அட்டையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.