அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு கணக்கு

அன்புள்ள மேடம்,

எங்களுக்குப் பாளையங்கோட்டை. வீட்டுக்காரருக்கு டவுன் ரத வீதிப் பக்கம் பாத்திரக்கடை. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். படம் வரைவது என்றால் அவளுக்கு உயிர்.

போன ஆனித் தேரோட்ட சமயம், கடையில் கூட்டம் நெரியும்போது இவருக்கு ஒரு போன். "கிரெடிட் கார்டு ரிவார்டு பாயின்ட் இன்னையோட முடியுது சார்" என்று ஆரம்பித்து, பேச்சுவாக்கில் ஓடிபியை வாங்கிவிட்டார்கள். 42,000 ரூபாய் போய்விட்டது. அன்றிலிருந்து, ஆன்லைனில் யாரும் எதற்கும் பெயர் கொடுக்கக் கூடாது என்கிறார். வரைகிற ஆப் ஒன்றில் கணக்கு தொடங்க மகள் கேட்டதற்கு, "துட்டு போனா நீயா தருவ?" என்று கத்திவிட்டார்.

இப்போது அவள் தோழியின் அம்மா நம்பரைக் கொடுத்து, வயதையும் 18 என்று போட்டு, கணக்கு தொடங்கியிருக்கிறாள். ஏழு நாள் இலவசமாகப் பயன்படுத்தக் கார்டு எண் கேட்கிறதாம். "எங்கம்மா கார்டைப் போட்டுக்கோ" என்று தோழி மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். கேட்டால், "அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்று அழுகிறாள். சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார். சொல்லாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. நான் என்ன செய்யட்டும்?

ஒரு அம்மா, பாளையங்கோட்டை

அன்புச் சகோதரிக்கு,

கார்டு விஷயத்தை இன்றைக்கே முடித்துவிடுங்கள். யாருடைய கார்டு எண்ணையும் போடக் கூடாது என்று மகளிடம் சொல்லுங்கள். இலவச நாட்கள் முடிந்ததும் சந்தா தானாகவே பிடிக்கப்படும். முதல் தடவை ஓடிபி கேட்பார்கள். அதன் பிறகு 15,000 ரூபாய் வரையிலான சந்தாவுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டியதில்லை என்பது ரிசர்வ் வங்கி விதி. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வரும். ஆனால் அது கார்டுக்கு உரியவருக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. இதில் நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம்.

ஆனால் கணக்கு வேறு, கார்டு வேறு. ஒரு ஜிமெயில் தொடங்கக் கார்டே தேவையில்லை. வரைகிற ஆப்கள் பலவற்றில் பணம் கட்டாத பகுதியே அவள் வயதுக்குத் தாராளம். அவருடைய பணம் போனது கணக்கு தொடங்கியதால் அல்ல, போனில் ஓடிபி சொன்னதால். இது அவருக்கும் உள்ளூரத் தெரியும் என்றே நினைக்கிறேன். ரூபாய்க்கு ரூபாய் கணக்குப் பார்த்து வியாபாரம் செய்கிற மனிதர், சொந்தக் கடையில் நின்றபடியே ஏமாந்திருக்கிறார். அந்த அவமானத்தை யாரிடமும் அவர் இறக்கிவைத்திருக்க மாட்டார். மகளைக் கேட்ட கேள்வி அவர் தன்னையே கேட்டுக்கொண்டதாகக்கூட இருக்கலாம். அவரைப் பிடிவாதக்காரர் என்று மட்டும் பார்க்காதீர்கள்.

எனக்குக் கவலை உங்கள் மகளின் "சொல்லாதம்மா"தான். பணமோசடி நடந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே புகார் சொல்ல வேண்டும். மோசடிக்காரர்கள் பணத்தை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றுவதற்குள் வங்கி அதை நிறுத்தி வைக்க வாய்ப்பிருக்கிறது. அதற்கு, தப்பு நடந்த நிமிஷமே பிள்ளை வாயைத் திறக்க வேண்டும். திட்டு விழும் என்று பயந்த பிள்ளை இரண்டு நாள் மறைக்கும். பணம் மட்டுமில்லை, யாராவது படத்தை வைத்து மிரட்டினாலும் அப்படித்தான் மறைக்கும்.

அதனால் நீங்கள் மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சொல்ல வேண்டியது நீங்கள் அல்ல, அவள். கடை விடுமுறை நாளாகப் பார்த்து, அவர் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு, நீங்கள் பக்கத்தில் இருக்க அவளே சொல்லட்டும். அதற்கு முன்பு அவரிடம் ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: "பிள்ளை ஒண்ணு சொல்லப் போகுது, முழுசா கேட்டுட்டுப் பேசுங்க, போனைப் பிடுங்க வேண்டாம்." கத்தினால், "நாளைக்குப் பேசுவோம்" என்று எழுந்துவிடுங்கள். அன்றைக்கே தீர வேண்டும் என்று நெருக்க வேண்டாம்.

அப்புறம் அந்தக் கணக்கை மூடிவிட்டு, உங்கள் நம்பரில், உண்மையான பிறந்த தேதியோடு புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள். அடுத்தவர் நம்பரில் இருந்தால், பாஸ்வேர்டு மறந்த அன்று ஓடிபி அவருக்குத்தான் போகும். வரைந்ததெல்லாம் கையை விட்டுப் போகும்.

முடிந்தால் அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு வேலை செய்யட்டும். வங்கி ஆப்பில் கார்டின் ஆன்லைன் பயன்பாட்டை நிறுத்தி வைக்கவும், செலவுக்கு உச்சவரம்பு வைக்கவும் முடியும். எப்படி என்று மகள் சொல்லிக்கொடுக்க, அவர் தன் கையால் அதை நிறுத்தட்டும். அவர் பயத்துக்கு நீங்களும் நானும் சொல்கிற சமாதானத்தைவிட அது நல்ல மருந்து என்று நம்புகிறேன்.

அந்தத் தோழியின் அம்மாவிடமும் பக்குவமாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். தன் நம்பரும் கார்டும் இப்படிக் கைமாறுவது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். பிள்ளைகள் இருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், காட்டிக்கொடுத்ததாக அவர்கள் நினைத்துவிடக் கூடாது.