வாசகர் கேள்வி - பதில்: ஏர்போர்ட் சோதனை எதைப் பிடிக்கும்?

கேள்வி: பெல்ட், பர்ஸ், லேப்டாப் என எல்லாவற்றையும் டிரேயில் வைக்கச் சொல்கிறார்கள். இத்தனை கெடுபிடியால் உண்மையிலேயே பாதுகாப்பு கூடுகிறதா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: துப்பாக்கி, கத்தி விஷயத்தில் நிச்சயம் கூடுகிறது. 1968 முதல் 1972 வரை அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானக் கடத்தல் முயற்சிகள் நடந்தன. 1973 ஜனவரியில் எல்லாப் பயணிகளையும் சோதிக்கத் தொடங்கியதும் அவை மளமளவென்று குறைந்தன.

வெடிபொருளைப் பிடிப்பதுதான் கஷ்டம். நாம் நுழைந்து வரும் மெட்டல் டிடெக்டருக்கு உலோகம் மட்டுமே தெரியும். 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் விமானத்தில் ஒருவன் உள்ளாடைக்குள் வெடிமருந்தோடு ஏறினான். அது சரியாக வெடிக்காததால்தான் அத்தனை பேரும் தப்பினார்கள். எக்ஸ்ரே திரையில் உலோகம் நீலம். துணி, தின்பண்டம், பிளாஸ்டிக் வெடிமருந்து எல்லாமே ஆரஞ்சு. ஒரு கிலோ அல்வா அடர்த்தியான ஆரஞ்சுக் கட்டியாகத் தெரியும். பையைத் திறந்து காட்டச் சொன்னால் அதுதான் காரணம். லேப்டாப்பின் பேட்டரியும் போர்டும் அடியில் இருப்பதை மறைத்துவிடும், அதனால் அதைத் தனியே வைக்க வேண்டும். முப்பரிமாணத்தில் காட்டும் சி.டி. ஸ்கேனர் உள்ள இடங்களில் பெரும்பாலும் இது தேவைப்படாது.

திரையைப் பார்ப்பதும் மனிதக் கண்தான். சோர்ந்துவிடும் என்பதால் ஐரோப்பிய விதிப்படி ஒருவர் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் திரை முன் உட்காரக் கூடாது. அப்படியும் தவறும்: 2015-இல் வெளியான அமெரிக்க அரசின் ரகசியப் பரிசோதனையில், 70 முயற்சிகளில் 67 முறை போலி ஆயுதங்களும் வெடிகளும் சோதனையைத் தாண்டின என்று செய்தி வந்தது.

எங்களைக் கேட்டால், உங்கள் கண்ணில் படாத சோதனைதான் அதிக உயிர் காக்கிறது. 1985-இல் வான்கூவரில் ஒருவன் பெட்டியை மட்டும் ஏற்றிவிட்டு, தான் ஏறவில்லை. அந்தப் பெட்டி ஏர் இந்தியா விமானத்துக்கு மாறிய டொரன்டோவில் எக்ஸ்ரே இயந்திரம் பாதியில் பழுதாக, மீதிப் பெட்டிகளைக் கையடக்கக் கருவியால் பார்த்து அனுப்பினார்கள். கனிஷ்கா என்ற அந்த விமானம் அட்லாண்டிக் மேலே வெடித்து 329 பேர் இறந்தார்கள். இன்று பெட்டி போட்டவர் விமானம் ஏறாவிட்டால் அந்தப் பெட்டியைத் தேடி இறக்குகிறார்கள். அதற்காகத் தாமதமானால் தயவுசெய்து ஊழியரிடம் சண்டை போடாதீர்கள். 2001-க்குப் பிறகு வந்த, எளிதில் உடைக்க முடியாதபடி பலப்படுத்திய விமானி அறைக் கதவும் இதே அளவு முக்கியம்.

கேள்வி: கையைத் துணியால் துடைத்து மெஷினில் வைத்தார்கள், அலாரம் அடித்தது. ஏன்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அது வெடிமருந்துத் துகளைத் தேடும் கருவி. கிளிசரின் கலந்த லோஷன், வயலில் போட்ட உரம், நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் மாத்திரை ஆகியவற்றாலும் அலாரம் அடிக்கலாம். கிளம்புமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மருந்துச் சீட்டைக் கையில் வையுங்கள். உரம் தொட்ட பையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் வைக்கலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: கூடாது, கைப்பையில்தான். கேபினில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க ஆள் இருக்கிறது. சரக்கு அறைக்குள் யாரும் போக முடியாது. அங்குள்ள ஹாலான் வாயு தீயை அடக்கும், லித்தியம் பேட்டரி உள்ளே கொதிப்பதை நிறுத்தாது. எவ்வளவு பெரிய பவர் பேங்க் வரை விடுவார்கள்? அதன் மேல் 20,000 எம்.ஏ.எச். என்றிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000-ஆல் வகுங்கள்: 74 வாட்-அவர். 100 வரை பொதுவாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். மேலே அச்சிட்ட எண் அழிந்திருந்தால் சோதனையில் பறிமுதல் செய்ய வாய்ப்பு அதிகம்.