'ஆஃப்டர்' எந்த வகைச் சொல்?

வணக்கம். 'வீ ப்ளேய்ட் ஆஃப்டர் தி ரெயின் ஸ்டாப்ட்' என்ற வாக்கியத்தில் 'ஆஃப்டர்' என்பதைத் தங்கள் மகன் பிரிபோசிஷன் (பெயருக்கு முன் வரும் இடைச்சொல்) என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைந்ததாகவும், அகராதியோ மூன்று வகைகளைக் காட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அகராதியும் சரி, ஆசிரியரும் சரி. ஆங்கிலத்தில் பல சொற்களின் வகையை, வாக்கியத்தில் அவை செய்யும் வேலையைப் பார்த்தே சொல்ல முடியும்.

'ஆஃப்டர் தி ரெயின்' என்பதோடு தொடர் முடிந்திருந்தால், பின்னால் பெயர் மட்டுமே நிற்பதால், அது பிரிபோசிஷன்தான். தங்கள் மகனின் கண் அங்கேயே நின்றுவிட்டது. அடுத்து வரும் 'ஸ்டாப்ட்' என்ற வினை, 'ரெயின்' என்பதை எழுவாயாக்கிவிடுவதால், 'ஆஃப்டர்' இரண்டு வாக்கியங்களை இணைக்கும் கன்ஜங்ஷன் ஆகிறது. 'சூன் ஆஃப்டர்' என்று பின்னால் ஏதுமின்றி முடிந்தால் அட்வெர்ப், அதாவது வினையடை.

தமிழில் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். 'மழைக்குப் பின்' என்பதில் நான்காம் வேற்றுமை உருபு வருகிறது. 'மழை நின்ற பின்' என்பதில் பெயரெச்சம் வருகிறது. ஆனால் 'பிஃபோர்' என்ற சொல்லுக்கு இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். 'மழை நிற்பதற்கு முன்' என்று அங்கேயும் உருபு நுழைந்துவிடும்.

2002இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் 'ஆஃப்டர்' வரும் இம்மூன்று இடங்களிலும் அதைப் பிரிபோசிஷன் என்றே கொள்கிறது. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆயினும் பள்ளித் தேர்வில் கன்ஜங்ஷன் என்றே எழுதச் சொல்லுங்கள்.