ஃப்ரோசன் பட்டாணியை மாடியில் காயவைத்துக் கொறிக்கலாமா?

கேள்வி: ஆஃபரில் ஃப்ரோசன் பட்டாணியும் ஸ்வீட் கார்னும் நிறைய வாங்கிவிட்டேன். மொட்டை மாடியில் வத்தல் மாதிரி காயவைத்து, மூன்று வயது மகனுக்கும் சுகர், பிரஷர் உள்ள அத்தைக்கும் கொறிக்கக் கொடுக்கலாமா? - மேலூர் வாசகி

பதில்: காயவைக்கலாம், ஆனால் மாடியில் வேண்டாம். சித்திரை வெயிலில் சுண்டைக்காயும் கொத்தவரங்காயும் நன்றாகத்தானே காய்கிறது என்பீர்கள். அவற்றைக் கெடாமல் காப்பது வெயில் மட்டும் இல்லை, நாம் போடும் கல்லுப்பும் புளித்த மோரும்தான், அப்புறம் வத்தலை எண்ணெயில் பொரித்துத்தானே சாப்பிடுகிறோம். உப்பே போடாத பட்டாணிக்கு அந்தக் காவல் கிடையாது. மதுரைப் பக்கம் 40 டிகிரி அடித்தாலும் ஈரமான காயில் கிருமி பெருக அது வசதியான சூடுதான்.

ஃப்ரீசரில் இருந்ததால் கிருமி செத்திருக்கும் என்றும் நினைக்காதீர்கள். குளிர் அதைப் பெருகாமல் நிறுத்தும், கொல்லாது. ஐரோப்பாவில் 2015 முதல் 2018 வரை ஃப்ரோசன் சோளம் வழியாக லிஸ்டீரியா கிருமி பரவி உயிர்களே போயின. பாக்கெட்டில் அடைக்கும் முன் காயை வெந்நீரில் முக்கி எடுப்பது நிறமும் ருசியும் மாறாமல் இருக்கத்தான், அது சமையல் ஆகாது. அதனால் இட்லிச் சட்டியில் நன்றாக ஆவி வர ஐந்து நிமிடம் வேகவைத்து, துணியில் ஈரத்தை ஒற்றி, ஒரே அடுக்காகப் பரப்பி, டீஹைட்ரேட்டரில் (சூடான காற்றை ஓடவிட்டுக் காயை உலர்த்தும் மின்சாதனம்) 55 முதல் 60 டிகிரியில் காயவையுங்கள். நசுக்கினால் அமுங்கக் கூடாது, உடைய வேண்டும். ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள், உள்ளே வியர்த்திருந்தால் மறுபடி காயவையுங்கள். ஒரு மணியில் பூஞ்சை தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், தயவுசெய்து இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். சோளத்தில் வரும் சில பூஞ்சைகளின் நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது, கல்லீரலைக் கெடுக்கும்.

மகனுக்கு முழுப் பட்டாணியோ சோள மணியோ கொடுக்கவே வேண்டாம். இந்த வயதில் நன்றாக அரைத்து விழுங்கத் தெரியாது, ஓடிக்கொண்டே வேறு சாப்பிடுவான், காய்ந்த மணி மூச்சுக்குழாய்க்குள் போனால் அங்குள்ள ஈரத்தில் ஊறி உப்பி அடைத்துக்கொள்ளும். ஐந்து வயது வரைக்கும் மிக்ஸியில் பொடித்து உப்புமாவிலோ தோசை மாவிலோ கலந்துவிடுங்கள்.

அத்தைக்கு அளவுதான் முக்கியம். 100 கிராம் பட்டாணி காய்ந்தால் ஏறக்குறைய கால் பங்குதான் மிஞ்சும், ஆனால் மாவுச்சத்து அப்படியே இருக்கும். ஒரு கைப்பிடி கொறித்தாலே ஒரு பெரிய கிண்ணம் பட்டாணி சாப்பிட்ட கணக்கு. இரண்டு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளட்டும், உப்புக்குப் பதில் மிளகுத்தூளும் சீரகத்தூளும் தூவுங்கள். கிட்னியில் கோளாறு இருந்தால் அவரைப் பார்க்கும் டாக்டரைக் கேட்காமல் தராதீர்கள், காயும்போது பொட்டாசியமும் செறிந்துவிடும்.

உண்மையில் மீதிப் பாக்கெட்டுகளைச் சுண்டலாக வேகவைத்துத் தருவதே இருவருக்கும் நல்லது, பையனுக்கு மட்டும் மசித்துக் கொடுங்கள். பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் நிறுத்தும்போது பாக்கெட் இளகினால், சில்லென்று இருக்கும்போதே வேகவைத்துவிடுங்கள். சூடேறிக் கிடந்ததைக் காயவைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.