குறைந்த செலவில் வெளிநாட்டு மலைச் சைக்கிள் பயணம்: வாசகர் கேள்வி-பதில்

அக்டோபர் பருவத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கடிதங்களே இம்முறை அதிகம் என்பதால், பாதிக்கு மேல் நேபாளத்தைப் பற்றியவையாக அமைந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வெளிநாட்டில் மலைச் சைக்கிள் ஓட்ட எந்த நாடு மலிவு? மொத்தம் எவ்வளவு ஆகும்? (சேலம்)

எந்த மாதம், எத்தனை நாள், சொந்த சைக்கிளா வாடகையா, ஒரே நாளில் எத்தனை மீட்டர் ஏறிப் பழக்கம் என்ற நான்கில் ஒன்றையாவது எழுதியிருக்கலாம். அவை தெரியாமல் தொகை சொல்வது ஜோசியம்தான். பொதுவாகச் சொல்வதானால், இந்தியர்களுக்கு விசா வேண்டாத நேபாளமே சிக்கனத்துக்கு முதல் இடம். மற்ற விவரங்களுடன் மறுபடி எழுதுங்கள்.

எழுபதாயிரம் ரூபாய், பன்னிரண்டு நாள், அக்டோபர் கடைசி. சென்னையிலிருந்து போக்ரா சென்று முஸ்தாங் பக்கம் ஓட்ட முடியுமா? (தாம்பரம்)

இப்படிக் கேட்டால் பதில் சொல்லலாம். சென்னையிலிருந்து காத்மாண்டுவுக்கு விமானத்தில் போய்வர இருபத்தைந்திலிருந்து முப்பதாயிரம் என்று வையுங்கள். இரு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள நல்ல சைக்கிளை ஆறு நாள் வாடகைக்கு எடுத்தால் ஏறத்தாழ பதின்மூன்றாயிரம் ஆகும். தங்குமிடம், பருப்புச் சோறு, உள்ளூர்ப் பேருந்து எல்லாம் சேர்த்து நாளுக்கு இரண்டாயிரம் போதும். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டு இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், 1.6 நேபாள ரூபாய் நம்முடைய ஒரு ரூபாய் என்பதால் அது அறுநூற்றுச் சொச்சம்தான். காப்பீட்டையும் சேர்த்தால் எழுபதாயிரத்தைத் தொட்டுவிடுகிறது, அவசரத்துக்குக் கையிருப்பு எதுவும் மிஞ்சுவதில்லை. கோரக்பூர் வரை ரயிலில் சென்று, சுனௌலி எல்லையைக் கடந்து பேருந்தில் போக்ரா போனால் இருபதாயிரம்வரை மிச்சமாகும். ஆனால் போகவும் வரவும் ஐந்தாறு நாள் கரைந்துவிடும். பன்னிரண்டு நாள் விடுப்பில் அது கட்டுப்படியாகாது. விடுப்பை நீட்டுங்கள், அல்லது பத்தாயிரம் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு புறப்படுங்கள். மேல் முஸ்தாங்குக்குத் தனி அனுமதி வேண்டும், அது டாலர் கணக்கு. உங்கள் தொகைக்கு அதற்கு முந்தைய ஊரான ககபேனியோடு நின்றுகொள்வது நல்லது.

போக்ராவில் ஒரு கடையில் நாளுக்கு 1,200 நேபாள ரூபாய்க்குச் சைக்கிள் கிடைக்கிறது, இன்னொரு கடையில் 3,500 கேட்கிறார்கள். பிராண்டு ஒன்றுதான். மலிவானதை எடுத்தால் என்ன? பாஸ்போர்ட்டை ஈடாகக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? (ஈரோடு)

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்கக் கூடாது. நகலும் ரொக்க முன்பணமும் கொடுங்கள். பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டுதான் தருவோம் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். திரும்பி வரும்போது ஃபிரேமில் உள்ள கீறலுக்கு அவர்கள் சொல்லும் தொகையை மறுபேச்சில்லாமல் கட்டவைக்கும் ஏற்பாடு அது. எடுக்கும்போதே நான்கு பக்கமும் கடைக்காரர் முன்னிலையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வியைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஃபிரேமில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துச் சைக்கிளை மதிப்பிடுகிறவர்கள், ஆயிரக்கணக்கில் விமானச் சீட்டுக்குக் கொடுத்துவிட்டு, வாடகைக் கடையில் அரை மணி நேரம் நின்று சோதிக்கச் சோம்பல்படுகிறார்கள். இரண்டு பிரேக் லீவரையும் ஒரு விரலால் இழுத்துப் பாருங்கள். லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டால் உள்ளே காற்றோ தேய்மானமோ இருக்கிறது, அந்தச் சைக்கிள் வேண்டாம். பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பருக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, பேடில் உராயும் பகுதி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் புதியது போடச் சொல்லுங்கள், உங்கள் கண்ணெதிரே போடச் சொல்லுங்கள். முன்பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டும்போது ஹேண்டில்பாருக்குக் கீழே ‘டக் டக்’ என்று தட்டினால் ஹெட்செட், அதாவது ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங், தளர்ந்திருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் நூல் தெரிகிறதா, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் குழாயில் எண்ணெய் வளையம் படிந்திருக்கிறதா, சிறிய கியரில் அழுத்தி மிதிக்கும்போது செயின் வழுக்குகிறதா என்று பாருங்கள். எந்த லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்பதையும் பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் வலது கைதான் முன்பிரேக். ஐரோப்பியப் பழக்கத்தில் அது இடது கை. பழக்க வேகத்தில் தவறான லீவரைச் செங்குத்துச் சரிவில் பிடிக்கிறவர் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார். லீவரை இடம் மாற்றித் தரச் சொல்லலாம், உருப்படியான கடை எதுவும் மறுக்காது.

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தால் 1,200 ரூபாய்ச் சைக்கிளை எடுங்கள். பெரும்பாலும் இருக்காது, அதனால்தான் அது 1,200 ரூபாய். கடைசியாக ஒன்று: அந்த மாடலுக்குரிய கியர் ஹேங்கர் (பின்கியரை ஃபிரேமோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டு) ஒன்றையும் ஒரு ஜோடி பிரேக் பேடையும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டுமே மாடலுக்கு மாடல் வடிவம் மாறும். மலையில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

போக்ராவிலிருந்து ஜீப்பில் ஒரே நாளில் முக்திநாத் போய், மறுநாள் காலை லுப்ரா வழியாக இறங்கலாம் என்று திட்டம். ஒரு நாள் அறை வாடகை மிச்சமாகிறது. சரிதானே? (கோயம்புத்தூர்)

சரியில்லை. போக்ரா சுமார் 800 மீட்டர் உயரம், முக்திநாத் 3,700க்கு மேல். மூவாயிரத்தைத் தாண்டிய பிறகு உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலையேறுவோர் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. தலைவலியோடும் தள்ளாட்டத்தோடும் லுப்ரா சரிவில் இறங்குவது வேண்டாத வேலை. அந்த ஒற்றையடிப் பாதை உதிரிக் கற்கள் நிறைந்தது, ஓரத்தில் பிடிமானம் இல்லாதது, புதியவர்களுக்கானதே அல்ல. மார்ஃபாவிலோ ஜோம்சோமிலோ ஓர் இரவு, ககபேனியில் ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுங்கள். நீங்கள் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது ஐந்நூறு ரூபாய் அறை. தோராங் லா கடவை, அதாவது 5,416 மீட்டரை, இதே பயணத்தில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே கடைசி ஆயிரம் மீட்டர் ஏற்றத்தில் பெரும்பகுதி சைக்கிளை நீங்கள்தான் சுமக்க வேண்டியிருக்கும். அதைத் தனிப் பயணமாகத் திட்டமிடுங்கள்.

ஜோம்சோமிலிருந்து தாதோபானி வரை முழுவதும் இறக்கம்தானே, மதியம் புறப்பட்டால் போதாதா? (திருச்சி)

போதாது. காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் பத்து, பதினொரு மணிக்கு மேல் தெற்கிலிருந்து காற்று எழும்பும், நீங்கள் இறங்குவதும் தெற்கு நோக்கித்தான். ஆயிரத்தைந்நூறு மீட்டர் இறக்கத்திலும் மிதித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும், வாயெல்லாம் மணல். ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டுமே பறப்பதற்கும் காரணம் இதுதான். ஆறு மணிக்குப் புறப்பட்டுவிடுங்கள்.

வங்கி அட்டையோடு கிடைத்த பயணக் காப்பீடு இருக்கிறது. அது போதுமா? (மதுரை)

ஆவணத்தின் விலக்குப் பகுதியைப் படிக்காமல் கேட்கிறீர்கள். ‘சாகச விளையாட்டுகள்’ என்ற தலைப்பில் மலைச் சைக்கிள் விலக்கப்பட்டிருக்கிறதா, உயர வரம்பு இருக்கிறதா, ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா என்ற மூன்றையும் பாருங்கள். முக்திநாத் போகிறவருக்கு மூவாயிரம் மீட்டர் வரம்புள்ள காப்பீடு வெறும் காகிதம். ஹெலிகாப்டர் மீட்புக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். தேவையில்லாமலே ஆளை ஏற்றிக் கட்டணம் வசூலித்த மோசடிகளை 2018இல் நேபாள அரசே விசாரித்தது. அதிலிருந்து காப்பீட்டு நிறுவனங்கள் கெடுபிடியாக இருக்கின்றன, எனவே முடிந்தவரை அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டே ஹெலிகாப்டரை அழையுங்கள்.

மின்சார மலைச் சைக்கிளை விமானத்தில் கொண்டுபோகலாமா? (சென்னை)

சைக்கிள் போகும், பேட்டரி போகாது. பயணிகள் விமானத்தில் லித்தியம் பேட்டரிக்கு 160 வாட்-மணிதான் உச்சவரம்பு, அதற்கும் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். உங்களுடையது ஐந்நூறு இருக்கும்.

சொந்த சைக்கிளை விமானத்தில் எடுத்துச் செல்லும்போது எப்படிப் பொட்டலம் கட்டுவது? (திருநெல்வேலி)

சைக்கிள் கடையில் புதுச் சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். பெடல்கள், முன்சக்கரம், ஹேண்டில்பார் ஆகியவற்றைக் கழற்றுங்கள். டிஸ்க் தகடுகளைக் கழற்றித் தனியே துணியில் சுற்றுங்கள். பிரேக் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டைத் துண்டைச் செருகுங்கள், இல்லையென்றால் யாராவது லீவரை அழுத்தும்போது பிஸ்டன்கள் நெருங்கி நின்றுவிடும். பின்கியரை ஹேங்கரிலிருந்து பிரித்து ஃபிரேமுக்குள் கட்டிவிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், மாற்று ஹேங்கர் ஒன்று பையில் இருக்கட்டும். பெட்டியின் எடை 23 கிலோவுக்குள் நிற்கிறதா என்று வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். விலை உயர்ந்த சைக்கிள் என்றால் புறப்படும்போது விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது வெளிநாட்டில் வாங்கியதோ என்ற கேள்வி எழாது.

ஒன்றரை லட்சத்தில் ஆல்ப்ஸ் பார்க்க ஆசை. மோர்சீன் எப்படி? (பெங்களூரு)

பிரான்சின் ஆல்ப்ஸ் பகுதியில் உள்ள மோர்சீன் அருமையான இடம், உங்கள் தொகைக்குத்தான் பொருந்தாது. விமானச் சீட்டு, 90 யூரோ ஷெங்கன் விசா, சைக்கிளோடு மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கு நாளுக்கு நாற்பது யூரோவை ஒட்டிய சீட்டு, அதற்கு மேல் வாடகைச் சைக்கிள் என்று நான்கே நாளில் பணம் கரைந்துவிடும். ஆல்ப்ஸ்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் இத்தாலியின் ஃபினாலே லிகுரேவைப் பாருங்கள். கடலோர ஊர், மலை நேர் பின்னால், லிஃப்ட் கிடையாது. வேனில் ஏறினால் காசு, மிதித்து ஏறினால் இலவசம். ஏப்ரலிலோ அக்டோபரிலோ சொந்த சைக்கிளோடு போய், சமையலறை உள்ள அறையை நண்பர்களோடு பகிர்ந்துகொண்டால் ஒரு வாரம் தாங்கும். விசாவுக்காக வாங்கும் 30,000 யூரோ காப்பீடு மலைச் சைக்கிள் விபத்துக்கும் பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம்; மதுரை வாசகருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

பூட்டான்? (ஓசூர்)

இந்தியருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம். பத்து இரவு என்றால் சைக்கிளைத் தொடுவதற்கு முன்பே பன்னிரண்டாயிரம்.

சிங்கப்பூர்க் குடிமகன் நான். நேபாளச் செலவில் எனக்கு என்ன வேறுபாடு? (சிங்கப்பூர்)

விசா உண்டு; இறங்கியதும் வாங்கலாம், 15 நாளுக்கு 30 டாலர். அன்னபூர்ணா அனுமதிச் சீட்டு 3,000 நேபாள ரூபாய். மற்றவை ஒன்றே.

இலங்கை மலையகத்தில் ஒரு வாரம் ஓட்டலாமா? டிசம்பரில் விடுமுறை. (தூத்துக்குடி)

ஓட்டலாம், டிசம்பரில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை பதுளை, எல்ல பக்கத்தை அப்போது நனைத்துக்கொண்டிருக்கும். சேற்றில் சைக்கிளைத் தள்ளுவதும் அட்டைகளைப் பிடுங்குவதுமாக வாரம் முடியும். பிப்ரவரி, மார்ச் நல்லது. தேயிலைத் தோட்டத்து மண்பாதைகள்தான் அங்கே சிறப்பு. வழி கேட்கத் தமிழே போதும் என்பது உங்களுக்குக் கூடுதல் வசதி. ஆனால் அவை தோட்ட நிர்வாகத்தின் பாதைகள், எனவே அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழையுங்கள். கொழுந்து பறிப்பவர்கள் கூடையோடு எதிரே வந்தால் நீங்கள் இறங்கி நின்று வழி விட வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாரம் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பயிற்சி போதுமா? (புதுச்சேரி)

நுரையீரலுக்குப் போதும், பிரேக் பிடிக்கும் விரல்களுக்குப் போதாது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஒரே நாளில் ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், வளைவுக்கு முன்னால் மட்டும் அழுத்திப் பிடித்து விடப் பழகுங்கள். தொடர்ந்து தேய்த்தால் டிஸ்க் சூடேறிப் பிடிப்புக் குறையும். அதன் பிறகு ஏதாவதொரு மண்பாதையில் ஈரம் காயாத நாளில் நான்கைந்து முறை. அதுவும் தார்ச்சாலை டயரோடு அல்ல.