ரவி வர்மாவின் சகுந்தலை ஏன் திரும்பிப் பார்க்கிறாள்?

காலில் தைத்த முள்ளை எடுக்கக் குனிந்தபடி சகுந்தலை திரும்பிப் பார்க்கும் அந்தப் பிரபல ஓவியத்துக்கு என்ன அர்த்தம்? சுருக்கமாகச் சொன்னால், முள் ஒரு சாக்கு.

காளிதாசன் நாடகத்தில், மன்னன் துஷ்யந்தனை முதன்முதலாகச் சந்தித்துவிட்டுத் தோழிகளோடு கிளம்புகிறவள் தர்ப்பை முனை குத்திவிட்டதாக நிற்கிறாள், செடியில் மாட்டாத ஆடையை வேறு விடுவிக்கிறாள். நேராகத் திரும்பிப் பார்க்க வெட்கம், பார்க்காமல் போகவும் மனசு வரவில்லை. கிளிமானூர்க்காரரான ரவி வர்மா (1848-1906) அந்த ஒரு நொடியைத்தான் பிடித்தார். ஒரு கை தோழியின் தோளில், இன்னொரு கை பாதத்தில், கண் மட்டும் எங்கேயோ. துஷ்யந்தன் படத்திலேயே இல்லை, எனக்கு இந்தப் படத்தில் ரொம்பப் பிடித்ததே அதுதான், அவன் முகத்தை அவள் கழுத்துத் திருப்பத்திலிருந்து நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டியதாகிறது.

மார்த்தாண்டத்தில் எங்கள் அம்மாச்சி வீட்டு நடையில் இதன் அச்சுப் படம் தொங்கியது, ஓரமெல்லாம் கரையான் அரித்து. சின்ன வயதில் நிஜமாகவே முள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒருநாள் குழித்துறை பஸ் நிறுத்தத்தில் ஒரு அக்கா, அறுந்து போகாத செருப்பு வாரைக் குனிந்து சரிசெய்துகொண்டே எதிர்ப்பக்க டீக்கடையைப் பார்த்தாள். சரி, இதுதான் அது!

பலர் இதைக் கணவன் மறந்துபோன பிரிவுச் சோகம் என்கிறார்கள். இல்லை, அவனை மறக்கவைக்கும் சாபமும், நினைவுபடுத்தும் மோதிரமும் கதையில் பிறகுதான் வருகின்றன, இங்கே காதல் இப்போதுதான் ஆரம்பிக்கிறது.