அந்த ஐந்து பெண்களோடு நான் சேரலாமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 49. சுன்னாகத்துக்கு அண்மையில் வசிக்கிறேன். இடது மார்பில் கட்டி கண்டு, சத்திரசிகிச்சை செய்து மார்பை அகற்றிவிட்டார்கள். இப்போது தெல்லிப்பழையில் மூன்று கிழமைக்கு ஒரு தடவை கீமோ ஏற்றுகிறார்கள், மூன்று முடிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கணவரே தமது ஓட்டோவில் அழைத்துச் சென்று, முடியும்வரை வெளியே நிற்பார். அதே நாளில் வரும் ஐந்து பெண்கள் தங்களுக்குள் மிகவும் ஒற்றுமையாக இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, மாதம் ஒரு முறை ஒருவர் வீட்டில் கூடுவதாகச் சொல்லி என்னையும் அழைக்கிறார். எனக்கு விருப்பம்தான். ஆனால் மாமி, "வருத்தக்காரரோடு சேர்ந்தால் வருத்தத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பாய்" என்கிறார். 24 வயது மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். ஊரில் கதை பரவினால் என்ன ஆகும் என்ற பயமும் உண்டு. கணவர் ஒன்றும் சொல்வதில்லை. அந்த ஐவரில் ஒருவருக்கு நோய் திரும்பி வந்துவிட்டதாம். அதைக் கேட்ட பின்னர் இரண்டு இரவுகள் எனக்கு நித்திரையே இல்லை. வீட்டில் எல்லோரும் என்னை நன்றாகவே பார்க்கிறார்கள். ஆனாலும் அழ வேண்டுமானால் கிணற்றடிக்குத்தான் போகிறேன். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புத் தங்கைக்கு,

மகளின் சம்பந்தத்தைப் பற்றியும் மாமியின் பேச்சைப் பற்றியும் பல வரிகள் எழுதியிருக்கிறீர்கள். கிணற்றடியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை வைத்தே நான் பதிலைத் தொடங்குகிறேன். அந்தப் பெண்களோடு சேருங்கள்.

வீட்டார் உங்கள்மீது அன்பாக இருப்பதால்தான் எந்நேரமும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் சோர்ந்தால் அவர்கள் பயப்படுகிறார்கள். அவர்கள் பயப்படுவதைக் கண்டவுடன் நீங்கள் சிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. கீமோ ஏற்றிய நாலாம் நாள் உடம்பெல்லாம் உளைந்து, வாய்க்குள் இரும்பைச் சப்பியது போன்ற சுவை நின்று, புட்டு அவியும் மணத்துக்கே குமட்டல் எடுக்கும் வேளையில், மற்றவர்களைத் தேற்றும் பொறுப்பும் உங்கள் தலையிலேயே வந்து விழுகிறது. அதே மருந்து ஏறிய இன்னொரு பெண்ணின் முன்னால் உங்களுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. நீங்கள் அழுதால் அவர் பதற மாட்டார். பக்கத்தில் இருப்பார், அல்லது தானும் சேர்ந்து அழுதுவிட்டுத் தேநீர் ஊற்றப் போவார்.

இதை நான் என் அக்காவிடம் கண்டேன். பல வருடங்களுக்கு முன்னர் அவருக்கும் இதே நோய்க்கு மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை நடந்தது. கூட நின்ற நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிடும்" என்று நாளுக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொண்டிருந்தேன். அது அவருக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்று பின்னர்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்துக் கட்டிலில் தென்பகுதிச் சிங்களப் பெண் ஒருவர் இருந்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. சத்திரசிகிச்சைக்குப் பின்னர் அக்கா தோளை அசைக்கவே பயந்திருந்தபோது, அந்தப் பெண் எழுந்து சுவரருகே நின்று, சிலந்தி ஏறுவதுபோல் விரல்களைச் சுவரில் மெல்ல மெல்ல மேலே நகர்த்திக் காட்டி, தாம் எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். மறுநாள் அக்காவும் தமது கோட்டைப் போட்டார். அந்தப் பயிற்சியைத் தாதியும் முன்னரே சொல்லிக் கொடுத்திருந்தார். என்றாலும் பக்கத்துக் கட்டில்காரியின் கோட்டைக் கண்ட பின்னர்தான் அக்காவின் கை உயர்ந்தது.

உங்களை அழைக்கும் ஆசிரியை செய்வது புதிய காரியமும் அன்று. 1952இல் நியூயோர்க்கில், மார்பை இழந்த டெரீஸ் லாசர் என்ற பெண், அதே சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட பெண்களை வைத்தியசாலைகளில் நேரில் சென்று காணத் தொடங்கினார். தற்காலிகமாக அணியும் செயற்கை மார்பையும் கைப்பயிற்சிக்கான பொருட்களையும் கொண்டுசென்று கொடுத்தார். அன்று இந்த நோயின் பெயரை வெளியே சொல்லவே கூசிய காலம். அவருடைய முயற்சி பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. உங்கள் ஐவரும் அநேகமாக அதே அலுவல்களைத்தான் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள்: பருத்தித் துணியில் பஞ்சு வைத்து மார்புக்கு அளவாகத் தைப்பது, முன்பக்கம் கொக்கி வைத்த சட்டை, கதிர்ச்சிகிச்சைக் காலத்தில் தோல் உரசாத துணி, வாய்ப்புண்ணோடு கூழ் குடிக்க ஆசைப்பட்டால் மிளகாயை விலக்கிக் காய்ச்சும் முறை. சிவப்பு மருந்து ஏறிய பின்னர் சிறுநீர் சிவந்து போவதைக் கண்டு இரத்தம் என்று நடுங்கிய பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அது மருந்தின் நிறம்தான் என்று முன்னரே ஒருத்தி சொல்லி வைத்திருந்தால் அந்த இரவு நிம்மதியாகக் கழியும்.

ஒன்றை மட்டும் கூட்டிச் சொல்ல மாட்டேன். இப்படிக் கூடிப் பேசுவதால் ஆயுள் நீளும் என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 1989இல் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல வைத்தியரின் ஆய்வு, நோய் பரவிய நிலையில் குழுவாகக் கூடிய பெண்கள் நீண்ட காலம் வாழ்ந்ததாகக் காட்டியபோது உலகமே வியந்தது. ஆனால் 2001இல் கனடாவின் பமீலா குட்வின் தலைமையில் அதிகமான பெண்களிடம் செய்த ஆய்வில் ஆயுள் கூடவில்லை. மனத்துயரும் நோவும்தான் குறைந்திருந்தன. எனக்கு அதுவே போதுமான காரணமாகப் படுகிறது. நோயைத் தீர்ப்பது உங்கள் வைத்தியர் தரும் சிகிச்சையின் வேலை. கூட்டத்திடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

மாமியின் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. விக்கி ஹெல்கெசன் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வில், வீட்டில் மனம் விட்டுப் பேச ஆளில்லாத பெண்களுக்கே இத்தகைய பேச்சுக் குழு நன்மை செய்தது. துணைவரின் ஆதரவு ஏற்கெனவே நிறைவாகக் கிடைத்தவர்களுக்கு அது பெரிதாக உதவவில்லை, சிலருக்குச் சோர்வையும் கூட்டியது. ஆகவே எல்லாப் பெண்களும் கட்டாயம் குழுவில் சேரத்தான் வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் அன்பான வீட்டுக்குள் இருந்துகொண்டே கிணற்றடியைத் தேடிப் போகும் நீங்கள் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு மூன்று தடவை போய்ப் பாருங்கள். திரும்பி வரும்போது மனம் முன்னரைவிடக் கனத்திருந்தால் நிறுத்திக்கொள்ளலாம். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

நோய் திரும்பி வந்த அந்தப் பெண்ணிடம் வருகிறேன். உங்கள் இரண்டு இரவுகளையும் பறித்தது அந்தச் செய்திதான். மார்பகப் புற்றுநோய் என்று ஒரே பெயரால் அழைத்தாலும் அது எல்லோருக்கும் ஒரே நோய் அல்ல. எத்தனையாம் கட்டத்தில் கண்டுபிடித்தார்கள், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்ததா, கட்டி ஓமோனால் வளரும் வகையா, ஹெர்2 என்ற புரதம் அதில் மிகுந்திருக்கிறதா என்பவற்றைப் பொறுத்து ஒவ்வொருவரின் பாதையும் வேறுபடும். அதனால்தான் ஓமோனால் வளரும் கட்டி உள்ள ஒருவருக்கு தமொக்சிபென் மாத்திரையை ஐந்து வருடமோ அதற்கு மேலோ எடுக்கச் சொல்வார்கள், ஹெர்2 மிகுந்த இன்னொருவருக்கு ட்ராஸ்டுசுமாப் ஊசியை மூன்று கிழமைக்கொரு தடவை ஏறக்குறைய ஒரு வருடம் ஏற்றுவார்கள், வேறொருவருக்கு இரண்டுமே இராது. அவருக்கு வந்தது உங்களுக்கும் வரும் என்பதற்கு அந்தச் செய்தியில் எந்தச் சான்றும் இல்லை. உங்கள் பயொப்சி (கட்டியின் திசுப் பரிசோதனை) அறிக்கையை எடுத்துச் சென்று, "எனக்கு எந்த வகை? திரும்பி வரும் சாத்தியம் எவ்வளவு?" என்று வைத்தியரிடம் நேரே கேளுங்கள். கிளினிக்கில் சனம் கூட என்று தயங்க வேண்டாம். கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் இரண்டு நிமிடத்திலும் கேட்டுவிடலாம்.

ஆனால் தங்கையே, அவரைப் பற்றிக் கேட்டவுடன் உங்களுக்கு ஒதுங்கிவிடத் தோன்றியதல்லவா? மற்றவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். நோய் திரும்பியவரைக் கண்டதும் சக நோயாளரும் பேச்சை மாற்றுவதும் பார்வையை விலக்குவதும் அவரை எவ்வளவு தனிமைப்படுத்தும் என்று எண்ணிப் பாருங்கள். முதல் நாளே நீங்கள் அவர் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. "நான் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அவரிடமே சொல்லலாம். உங்கள் பயம் அவர் முன்னரே கடந்து வந்த பயம் என்பதால், அவர் கோபிப்பார் என்று நான் நினைக்கவில்லை.

சேர்ந்த பின்னர் இரண்டு விடயங்களில் உறுதியாக இருங்கள். கூட்டத்தில் யாராவது, "அன்னமுன்னா இலையை அவித்துக் குடித்தால் கட்டி கரையும், கீமோவை நிறுத்திவிடு" என்றோ, "எனக்கு இந்த மாத்திரை பிடிக்கவில்லை, நீயும் விட்டுவிடு" என்றோ சொன்னால், எவ்வளவு பாசத்தோடு சொன்னாலும் ஏற்காதீர்கள். இலைச்சாறும் சூரணமும் கீமோ மருந்தோடு சேர்ந்து ஈரலைப் பாதிக்கக்கூடும். எதையும் வைத்தியரிடம் சொல்லாமல் குடிக்க வேண்டாம். அனுபவத்தைப் பகிரலாம், மருந்தை வைத்தியரே தீர்மானிக்கட்டும் என்று ஆசிரியை அக்காவே முதல் நாளில் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. மற்றையது காய்ச்சல். கீமோ ஏற்றி ஏழு நாள் முதல் பதினான்கு நாள் வரையில் வெண்குழியங்கள் பெரும்பாலும் மிகக் குறைந்திருக்கும். அந்த நாட்களில் கூட்டத்துக்குப் போக வேண்டாம். அடுத்த கீமோவுக்கு முந்திய கிழமையில் கூடினால் உங்களுக்குத் தெம்பும் இருக்கும். இருமல், தடிமன் உள்ளவர் அன்று வீட்டில் நிற்க வேண்டும். உடல் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தொட்டால், பனடோலைப் போட்டுவிட்டு விடியும்வரை பார்ப்போம் என்றிராமல், அந்த நேரமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நடு இரவில் ஓட்டோ ஓடாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இருக்கிறது.

ஊர்க்கதையைப் பற்றி: யார் யாருக்குச் சொல்வது என்பது முழுக்க உங்கள் உரிமை. ஆசிரியையிடம் முதலிலேயே கேளுங்கள்: கூட்டத்தில் பேசியது வெளியே போகாதா, படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவார்களா, உங்கள் பெயரை வேறு இடத்தில் சொல்வார்களா என்று. தெளிவான பதில் வந்தால் மட்டும் வீட்டுக் கூட்டத்துக்குப் போங்கள். அதுவரை கீமோ அறையிலேயே பக்கத்துக் கதிரையில் இருந்து பேசிப் பழகலாம். ஒளித்துத்தான் ஆக வேண்டும் என்று நினைப்பீர்களானால், நீங்கள் சிகிச்சை பெறும் அந்தப் புற்றுநோய் மருத்துவமனை எப்படி எழுந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, தெற்கிலிருந்து வடக்குவரை, எல்லோரும் காண நடுவீதியில் மக்கள் நடந்து திரட்டிய நிதியில் எழுந்தது அது. முகமறியாத அவர்கள் இந்த நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தார்கள்.

மகளின் விடயத்தில் உண்மையைச் சரியாக அறிந்துகொள்ளுங்கள். மார்பகப் புற்றுநோய்களில் நூறுக்கு ஐந்து முதல் பத்து வரையே பரம்பரையாகக் கடத்தப்படும் மரபணு மாற்றத்தால் வருகின்றன. தாய்க்கு வந்தால் மகளுக்கு ஆபத்து ஓரளவு கூடுகிறது என்பது உண்மை. அதனால் அவர் ஒரு தடவை வைத்தியரிடம் குடும்ப விபரத்தைச் சொல்லி, எந்த வயதிலிருந்து எந்தப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டு வைப்பது நல்லது. சம்பந்தம் பேசும் வீட்டாருக்குச் சொல்வதா, எப்போது சொல்வது என்பதை மகளோடு இருந்து தீர்மானியுங்கள். அவருக்குத் தெரியாமல் பெரியவர்கள் மட்டும் கூடி மறைத்துவிட வேண்டாம். மறைத்துச் செய்த கலியாணத்தில் பின்னொரு நாள் கேள்வி எழுந்தால், அதற்குப் பதில் சொல்லி நிற்கப்போவது அந்தப் பிள்ளைதான்.

கணவரைப் பற்றி, "ஒன்றும் சொல்வதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு நாள் உழைப்பை விட்டுவிட்டுக் கீமோ முடியும்வரை வெளியே நிற்பவரும் அவர்தான் என்று அதே கடிதத்தில் இருக்கிறது. மற்றப் பெண்களோடு வந்த ஆண்களும் அங்கேதான் ஒருவரோடொருவர் பேசாமல் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவரை உங்கள் கணவருக்கு அறிமுகப்படுத்தி வையுங்கள். கிணற்றடிக்கு எதற்காகப் போகிறீர்கள் என்பதையும் அவரிடம் நீங்களே சொல்லுங்கள். அடுத்த கீமோவுக்குப் போகும் வழியில் சொல்லலாம். அவர் முன்னால் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருக்க, பின்னால் இருந்து சொல்வது முகம் பார்த்துச் சொல்வதைவிட இருவருக்கும் இலகுவாக இருக்கும்.